டிவி டியூனர் பெட்டியில் சிவப்பு எரிகிறது, பச்சை நிற்க மாட்டேன் என்கிறது

வைகைக்கரை:
வணக்கம். அப்பாவின் அறையில் 15 அங்குல எல்சிடி மானிட்டர் ஒன்று இருக்கிறது. 2009-ல் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய டிவி டியூனர் பெட்டி வழியாகத்தான் அதில் டிவி பார்ப்பார். கணினி கிடையாது. கேபிள் செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் டியூனருக்கு; அங்கிருந்து விஜிஏ வயர் மானிட்டருக்கு.

மூன்று நாளாகச் சுவிட்சைப் போட்டால் டியூனரில் சிவப்பு விளக்கு எரிகிறது. ரிமோட்டை அழுத்தினால் பச்சைக்கு மாறி, ஒரு நொடிகூட நிற்காமல் மறுபடி சிவப்புக்கே வந்துவிடுகிறது. மானிட்டர் விளக்கும் ஆரஞ்சை விட்டு மாறவில்லை. சிவப்பு எரிவதால் கரண்ட் சரியாகத்தான் வருகிறது. அப்படியென்றால் உள்ளே போர்டு போய்விட்டதா? அப்பா படுக்கையில் இருக்கிறார், சாயங்காலச் செய்திதான் அவருக்குத் துணை. புது டிவி என்றாலே "இருக்கிறதே போதும்டா" என்கிறார்.

தாமிரபரணி:
ரிமோட்டைப் பார்த்தீர்களா? போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்து அழுத்துங்கள். முனையில் ஊதா வெளிச்சம் தெரிந்தால் ரிமோட் நன்றாக இருக்கிறது.

பட்டறைக்காரன்:
பச்சைக்கு மாறுகிறதே, அப்போதே ரிமோட் வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆரஞ்சையும் நினைத்துப் பயப்படாதீர்கள். இந்தப் பெட்டிகள் சிவப்பில், அதாவது ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது கணினியின் படத்தை அப்படியே மானிட்டருக்குக் கடத்திவிடும். உங்களிடம் கணினி இல்லை, அதனால் எதுவும் போகாது. மானிட்டர் 'சிக்னல் வரவில்லை' என்று ஆரஞ்சு காட்டும்.

ஆனால் "சிவப்பு எரிகிறது, ஆகவே கரண்ட் சரி" என்றீர்களே, அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். ஒரு சிவப்பு எல்இடி எரிய 2 வோல்ட்டும் சில மில்லி ஆம்பியரும் போதும். சாகக் கிடக்கிற அடாப்டர்கூட அதைக் கொடுத்துவிடும். பச்சைக்கு மாறும்போதுதான் டியூனர், வீடியோ சிப் எல்லாம் சேர்ந்து இழுக்கும். அப்போது வோல்ட் சரிந்தால் பெட்டி விழுந்து, மறுபடி சிவப்பில் எழும். இத்தனை வருஷ அடாப்டரில் கெபாசிட்டர் உப்பியிருக்கும். லோடில், அதாவது டியூனர் ஓட முயலும்போது, வோல்ட்டை அளந்து பாருங்கள். அடாப்டரின் பின்னை டியூனரில் மாட்டாமல் அளந்தால் சரியாகத்தான் காட்டும். அடாப்டரை மட்டும் திறக்காதீர்கள் தம்பி. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஏறிய கெபாசிட்டர் இருக்கும்; சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் அடிக்கும்.

வைகைக்கரை:
அண்ணே, நீங்கள் சொன்னதேதான்! அடாப்டரில் 5 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. டியூனரில் மாட்டாமல் பின்னில் நேராக அளந்தால் 5.1. பிறகு டியூனரின் கீழ்மூடியைக் கழற்றி, பவர் சாக்கெட்டின் சாலிடர் கால்களில் மீட்டரை வைத்துக்கொண்டு ரிமோட்டை அழுத்தினேன். 3.4-க்கு இறங்கி உடனே ஏறியது. விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்குத் திரும்பியதும் அதே நொடியில்தான். கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

பட்டறைக்காரன்:
அப்போது அநேகமாகப் போர்டுக்கு ஒன்றுமில்லை, அடாப்டர்தான். 5 வோல்ட், 2 ஆம்பியர் வாங்குங்கள். ஆம்பியர் கூட இருந்தால் பாதகமில்லை. வோல்ட் மட்டும் மாறவே கூடாது. பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று பழைய அடாப்டரின் லேபிளில் வட்டம் போட்டுக் காட்டியிருக்கும். அதே மாதிரி பார்த்து வாங்குங்கள்.

வைகைக்கரை:
மாட்டிவிட்டேன். பச்சை நிற்கிறது, மானிட்டரும் பச்சைக்கு வந்துவிட்டது. ஆனால் முதலில் வெறும் நீலத் திரை, நெஞ்சு பக்கென்றது. அப்புறம் பார்த்தால், சோர்ஸ் தானாக 'டிவி'க்குப் போயிருந்தது. பழைய ஆன்டெனா சாக்கெட்டில்தான் இப்போது எந்த வயரும் இல்லையே. 'ஏவி'க்கு மாற்றியதும் படம் வந்தது. 7 மணிச் செய்திக்கு முன்பே அப்பாவைத் தலையணை வைத்து உட்கார வைத்துவிட்டேன். பழைய அடாப்டரின் வயரை வெட்டிவிட்டேன். வீட்டில் யாராவது எடுத்து மோடத்துக்கு மாட்டிவிடக் கூடாது.