சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில்: கோபுரத்தைத் தாண்டியும் பாருங்கள்

சிங்கப்பூரின் மிகப் பழமையான இந்துக் கோயிலும் 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டதுமான ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு வருவோரில் பலர், கோபுரத்தைப் படமெடுத்து, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புறப்பட்டுவிடுகின்றனர். இந்த ஊரில் நம்மவர் கால் ஊன்றிய கதை முழுவதும் அந்த வளாகத்தில் இருக்கிறது என்பதால், எனக்கு அது மனக்குறையாகவே இருக்கிறது.

1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்து இந்தக் கோயிலை நிறுவிய நாராயண பிள்ளை, தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை அமைத்துத் தொழில் செய்தவர். கோயிலுக்கென்று முதலில் தெலுக் ஆயரில் ஒதுக்கப்பட்ட இடத்தில் பூசைக்கு வேண்டிய நன்னீர் இல்லை. ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் அருகே அடுத்துக் கிடைத்த இடமோ 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்துக்கு ஒத்துவரவில்லை. 1823இல்தான் இப்போதைய நிலம் கிடைத்தது. அதில் 1827இல் எழுந்த முதல் கோயில், மரத்தாலும் அத்தாப்பு ஓலைக் கூரையாலும் ஆனது. செங்கல் கட்டடம் பின்னால் வந்தது. இன்று நாம் காணும் கோபுரம் 1925இல் கட்டப்பட்டது.

ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவை அண்மையில் அங்கே அழைத்துச் சென்றேன். நாகப்பட்டினம், கடலூர் வட்டாரக் கைவினைஞர்கள் இங்கு வந்து வேலை செய்தார்கள் என்று நான் சொன்னதும், கொத்தனாராக இருந்து ஓய்வுபெற்ற அவர் சுதைச் சிற்பங்களின் அருகே போய் நின்றுவிட்டார். "சாந்து ஈரமா இருக்கும்போதே கரண்டி முனையால புடவை மடிப்பைக் கீறணும்ப்பா, காஞ்சா உதிர்ந்துடும்" என்று விரலால் காற்றில் கீறிக் காட்டினார். 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்த கோயில் என்பதால் வண்ணங்கள் பளிச்சென்று இருந்தன. அவர் கண்ணோ வண்ணத்துக்கு அடியிலிருந்த வேலையைத்தான் பார்த்தது.

திரௌபதி அம்மன் சன்னிதி முன் பூக்கூடையுடன் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எங்களிடம் பேச்சுக் கொடுத்தார். "எங்க அம்மா அப்பா கல்யாணம் இந்தக் கோயில்லதான் தம்பி பதிவாச்சு" என்றார். இந்துத் திருமணங்களை நடத்திவைக்கும் அதிகாரம் சிங்கப்பூரில் இந்த ஒரு கோயிலுக்கு மட்டுமே இருந்த காலம் அது. வேலை தேடிக் கப்பலில் வந்தவர்களுக்கு வழிபாட்டு இடமாக மட்டுமல்லாமல், உறவு கூடும் இடமாகவும் இது இருந்ததை அந்த ஒரு வாக்கியம் விளக்கிவிட்டது. 1840 முதல் நடந்துவரும் தீமிதியும் அந்தத் திரௌபதிக்கு உரியதே. ஐப்பசியில், தீபாவளிக்குச் சில நாள் முன்னதாக, பக்தர்கள் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடந்து வந்து பூக்குழி இறங்குவார்கள்.

போகிறவர்கள் காலையிலேயே போவது நல்லது. நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். வெளியே வந்ததும் அதே சாலையில் சற்றுத் தள்ளியிருக்கும் ஜாமிஆ பள்ளிவாசலையும் தவறாமல் பாருங்கள். அதுவும் தேசிய நினைவுச்சின்னமே; சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவியது.