சாயங்காலமானா குட்டி நாய் கண்மண் தெரியாம ஓடுதா? மலேசியா, சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) அனுபவப் பகிர்வு

தாமான் மூலை வீடு:
நாலு மாசக் குட்டி, கலப்பு ஜாதி. சாயங்காலம் ஆறரை ஆனா முதுகை வளைச்சு, பின்பக்கத்தைத் தாழ்த்திக்கிட்டு ஹால்ல இருந்து அடுப்படி வரைக்கும் ஓடுது, திரும்புது, மறுபடி ஓடுது. மொசைக் தரையில வழுக்கி சுவத்துல மோதுது. குறுக்கே போறவங்க கெண்டைக்காலைக் கவ்வுது. பக்கத்து வீட்டுப் பாட்டி, முனியாண்டி பார்வை பட்டிருச்சுங்கிறாங்க. இதை நிறுத்தறது எப்படி?

நாய்ப் பயிற்சி குடுக்கிறவர்:
தங்கச்சி, பாட்டிகிட்ட சொல்லுங்க, முனியாண்டிக்கு வேற வேலை இருக்கு. ‘ஜூமிஸ்’னு எல்லாரும் சொல்றது இதைத்தான். ஆரோக்கியமான குட்டி செய்யற காரியம். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், மிஞ்சினா அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள தானாவே தொப்புனு படுத்துடும். குளிப்பாட்டி விட்டதும் வரும், கழிச்சு முடிச்சதும் வரும், கூண்டைத் திறந்ததும் வரும், வேலைக்குப் போனவங்க மோட்டார் சத்தம் கேட்டாலும் வரும். அதனால நிறுத்தறதைப் பத்தி யோசிக்க வேண்டாம். எங்கே ஓடுது, எப்ப ஓடுது, அந்த ரெண்டை மட்டும் நம்ம கையில எடுத்துக்கலாம்.

முதல் விஷயம், துரத்தக் கூடாது. நீங்க துரத்தினா அதுக்கு அது விளையாட்டு. கத்தினா நீங்களும் சேர்ந்து குரைக்கிறதாத்தான் அது எடுத்துக்கும். பிடிச்சே ஆகணும்னா எதிர்ப்பக்கமா நாலு எட்டு ஓடுங்க, அது உங்க பின்னால வரும். இல்லேன்னா தரையில குந்தி உட்கார்ந்து ரெண்டு உருண்டை தீனியைப் போடுங்க. வாயில கவ்வின செருப்பைப் பிடுங்கறதுக்காக வீடு முழுக்க ஓடற குடும்பத்துல, செருப்பைத் தூக்கினா எல்லாரும் விளையாட வருவாங்கன்னு குட்டி ஒரே வாரத்துல கத்துக்கும்.

காலைக் கவ்வறப்போ காலை உதறாதீங்க, உதறினா அதுக்கு இரை ஓடற மாதிரி. அப்படியே தூண் மாதிரி நில்லுங்க, கையைக் கட்டிக்குங்க, கண்ணைப் பார்க்காதீங்க. விட்டதும் முடிச்சுப் போட்ட பழைய துண்டை நீட்டுங்க. சின்னப் பிள்ளைங்களால இப்படி நிக்க முடியாது. அந்த நேரத்துக்கு அவங்க தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும்.

ஆறரை மணி ஓட்டம் பெரும்பாலும் தூக்கக் கலக்கத்துல வர்றது. இதைத்தான் நிறைய பேர் நம்பறதில்ல. இந்த வயசுக் குட்டி ஒரு நாளைக்குச் சுமார் 18 மணி நேரம் வரைக்கும் தூங்கும். பள்ளிக்கூடம் விட்டு பிள்ளைங்க வந்ததுல இருந்து ஆள் மாத்தி ஆள் கொஞ்சிக்கிட்டே இருந்தா மதியத் தூக்கம் போச்சு, சாயங்காலம் அழுது அடம் பிடிக்கிற குழந்தை கதைதான். ஒரு மணி நேரம் முழிச்சிருந்தா அடுத்த ஒண்ணரை, ரெண்டு மணி நேரம் கூண்டுலயோ தடுப்புக்குள்ளயோ தூங்க விடுங்க. மேல துணி போட்டு மூடி, காத்தாடியைத் திருப்பி வச்சா தூங்கிடும். காத்துப் போக ஒரு பக்கம் திறந்திருக்கணும்.

சாயங்காலம் ஆறு மணிக்கே வெளிய கூட்டிட்டுப் போய் கழிக்க விடுங்க. அப்புறம் ராத்திரித் தீனியில மூணுல ஒரு பங்கை எடுத்துப் புல்லுல சிதறி விடுங்க. பத்து நிமிஷம் மூக்கை வச்சுத் தேடித் தின்னும். ஓடிக் களைக்கிறதை விட மோந்து தேடறதுல குட்டி சீக்கிரம் அடங்கும். மழைன்னா பழைய துண்டுக்குள்ள தீனியைச் சுருட்டி வச்சுக் குடுங்க. சுருட்டினதைப் பிரிக்கத் தெரியாத குட்டி துண்டையே கடிச்சு முழுங்கப் பார்க்கும். முதல்ல தளர்வா சுருட்டுங்க, பக்கத்துலயே இருங்க.

ஹார்டுவேர் கடைக்காரர்:
மொசைக்தான் இங்கே பெரிய வில்லன். பாயை வீடு முழுக்க விரிக்க வேண்டாம், காசு வேஸ்ட். நேரா ஓடறப்போ அவ்வளவா வழுக்காது, பிரேக் போட்டுத் திரும்பற இடத்துலதான் பின்கால் விரிஞ்சு போகும். ஹால் முனை, அடுப்படி வாசல், சோபாவைச் சுத்தற மூலை, அந்த மூணு இடத்துல போட்டா போதும். வரி வரியா இருக்கிற கருப்பு ரப்பர் பாய், 3 மில்லி கனம், 3 அடி அகலம், 4 அடி நீளம் வெட்டி வாங்குங்க. புதுசுல ரப்பர் வாடை வரும், சோப்புத் தண்ணியில கழுவி ஒரு நாள் காய வச்சிட்டு விரிங்க. ஓரம் தூக்கிக்கிட்டா அதுல கால் தடுக்கும், ரெண்டு பக்கப் பசை டேப் ஒட்டுங்க.

பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) விக்கிற எழுத்துப் போட்ட ஃபோம் பாயை வாங்காதீங்க. குட்டி துண்டு துண்டா பிய்ச்சு முழுங்கிடும், குடல்ல அடைச்சா ஆபரேஷன்தான்.

அடுத்தது கேட். கம்பி இடைவெளியில தலை போனா உடம்பும் போயிடும். ஒரு அங்குலக் கண்ணு வச்ச வெல்ட் கம்பிவலை, 2 அடி உயரத்துக்கு கேட் உள்பக்கம் வச்சு, 15 சென்டிமீட்டருக்கு ஒரு கேபிள் டை. டை வெட்டின முனை வெளிப்பக்கம் பார்த்து இருக்கணும், உள்பக்கம்னா கண்ணுல குத்தும். கேட்டுக்கு அடியில இருக்கிற சந்தை மறக்காதீங்க, வேகமா ஓடி வந்து வயித்தைத் தரையில தேய்ச்சுக்கிட்டு அது வழியா நழுவிடும். பலகை அடிச்சா மழையில உப்பும். பழைய டயரை நீளமா அறுத்து போல்ட் போட்டு முடுக்குங்க, கேட் திறக்கிறப்போ அதுவும் வளைஞ்சு குடுக்கும்.

பயிற்சி குடுக்கிறவர்:
அண்ணன் சொன்னதோட நகத்தையும் பாருங்க. தரையில நடக்கிறப்போ டக் டக்னு கேட்டா நகம் நீளம், பாய் போட்டும் பிடிப்பு இருக்காது. ஒரு தடவைக்கு 1, 2 மில்லிக்கு மேல வெட்டாதீங்க. ரத்தம் வந்தா சோளமாவை அழுத்திப் பிடிங்க. பாதத்து அடியில விரலுக்கு நடுவுல வளர்ற முடியையும் கத்தரிக்கணும்.

தாமான் மூலை வீடு:
களைக்கட்டும்னு காலையில ஒரு மணி நேரம் ஓட வச்சா சாயங்காலம் ஓடாதில்ல?

பயிற்சி குடுக்கிறவர்:
ஓடும். இன்னும் களைச்சுப் போய், இன்னும் மோசமா ஓடும். எலும்பு வளர்ற முனை மூடறதுக்கு முன்னாடி, அதாவது சுமார் ஒரு வயசு வரைக்கும், பெரிய ஜாதின்னா அதுக்கும் மேல, தார் ரோட்டுல ஜாகிங் கூடாது. தானா ஓடித் தானா நிக்கிறது வேற, நம்ம வேகத்துக்கு இழுத்துட்டு ஓடறது வேற.

ஓட்டம் குடுக்கணும்னா ஒரு கோல் செஞ்சுக்குங்க. அரை அங்குல பிவிசி குழாய் 1 மீட்டர், அதுக்குள்ள 2.5 மீட்டர் நைலான் கயிறு. கைப்பிடிப் பக்கம் பெரிய முடிச்சு, மறுமுனையில ஒண்ணரை மீட்டர் தொங்கட்டும், அதுல பழைய டி-ஷர்ட் துணியைக் கட்டுங்க. குழாய் வாயை மணல்தாளால தேய்க்கணும், இல்லேன்னா அந்த விளிம்பு கயித்தை அறுத்துடும். எலாஸ்டிக் கயிறு போடாதீங்க, சட்டுனு விட்டா முகத்துல அடிக்கும்.

துணி எப்பவும் தரையோட இழுபடணும். மேல தூக்கினா குட்டி குதிச்சு முறுக்கி விழும், முழங்கால் போயிடும். வட்டம் பெருசா இருக்கணும், நாலஞ்சு சுத்துக்கு ஒரு தடவை திசையை மாத்துங்க. புல்லுல மட்டும், மூணு நிமிஷம் போதும். நடுநடுவுல பிடிக்க விடுங்க. ஒரு தடவை கூட துணி கிடைக்காத குட்டி வெறியேறி அடுத்தது உங்க காலைத்தான் பார்க்கும். முடிக்கிறப்போ தீனியைச் சிதறிட்டு கோலை உயரத்துல வச்சிடுங்க. தீனி தின்ன ஒரு மணி நேரத்துக்கு இந்த விளையாட்டு வேண்டாம்.

செம்பனைத் தோட்டத்து மண்டோர் (மேற்பார்வையாளர்):
லயத்துப் பக்கம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுங்க பக்கம்) திறந்த வெளி கிடைக்குதுன்னு அவிழ்த்து விடறவங்க நிறைய. கண்மண் தெரியாம ஓடற குட்டி எதுல போய் விழும்னு சொல்ல முடியாது. வெட்டின மட்டையை வரிசையா அடுக்கி வச்சிருப்போம். மட்டை அடியில ரெண்டு ஓரமும் முள்ளு, கண்ணுக்கும் பாதத்துக்கும் ஆபத்து. அந்த அடுக்குக்குள்ள எலி, எலிக்குப் பின்னால நாகம். துப்பற நாகம் கண்ணுல அடிச்சா கால் மணி நேரம் சுத்தமான தண்ணியை ஊத்திக்கிட்டே இருக்கணும், அப்புறம் நேரா கிளினிக்.

மரத்தடியில வைக்கிற எலி மருந்துக் கட்டிதான் இன்னும் பயம். மெழுகு மாதிரி இருக்கும், நாய்க்கு வாசனை பிடிக்கும். தின்ன அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு மூணு நாள் கழிச்சு ஈறு வெளுக்கும், மூக்குல ரத்தம் வரும், தோல்ல கன்னிப்போகும். தின்னதைப் பார்த்தா அறிகுறிக்குக் காத்திருக்காதீங்க, மருந்துக் கவரையும் எடுத்துக்கிட்டு அன்னிக்கே போங்க, வைட்டமின் கே1 குடுப்பாங்க. களைக்கொல்லி எந்தப் பக்கம் அடிக்கிறோம்னு காலையில பெரட்டுல (ஆள் கணக்கெடுக்கிற இடத்துல) வந்து கேளுங்க, நாங்க சொல்லுவோம். அடிச்ச இடம் காயற வரைக்கும் அந்தப் பக்கம் வேண்டாம். பாராகுவாட்ங்கிற களைக்கொல்லிக்கு மலேசியாவுல 2020-ல இருந்து தடை, ஆனா பழைய போத்தல் எந்த ஸ்டோர் மூலையில கிடக்குதுன்னு யார் கண்டா.

லோங்காங் (சாக்கடை) பக்கம் தேரையைக் கவ்வினா நுரை தள்ளும். தலையைக் கீழே சாய்ச்சு, வாய் ஓரமா தண்ணி விடுங்க, தொண்டைக்குள்ள போகக் கூடாது. ஈரத்துணியால ஈறைத் துடைங்க. நடுங்கினாலோ தள்ளாடினாலோ கிளினிக். குழியில தேங்கின தண்ணியில எலி மூத்திரம் கலந்திருக்கும், அதுல வர்ற எலிக்காய்ச்சல் மனுசனுக்கும் தொத்தும், அதுக்குத் தடுப்பூசி போட்டீங்களான்னு கேட்டு வைங்க.

அவிழ்த்தே விடணும்னா நெஞ்சுப் பட்டையில 5 மீட்டர் கயிறு மாட்டி விடுங்க. கழுத்துப் பட்டையில மாட்டினா ஓட்டத்துல கயிறு இறுகறப்போ கழுத்துல அடிபடும். கயித்து முனையில வளையம் போடாதீங்க, கட்டையில மாட்டும். பழக்குலை லோரி வர்ற நேரத்துல எந்தக் கயிறும் நம்ப வேண்டாம், உள்ளே கட்டுங்க.

கால்நடைக் கிளினிக் உதவியாளர்:
எல்லா ஓட்டமும் ஜூமிஸ் இல்லை. ஓடும்போது கத்தினால், திடீரென்று உட்கார்ந்து வாலடியைக் கடித்தால், பிட்டத்தைத் தரையில் தேய்த்தால் உண்ணி, தெள்ளு, குதச் சுரப்பி இவற்றைப் பாருங்கள். கெரெங்கா எறும்பு விரல் இடுக்கில் மாட்டியிருந்தாலும் இப்படித்தான் ஓடும். பெயர் சொல்லியும் திரும்பாமல், பக்கவாட்டில் விழுந்து கால்களை உதைத்து, வாயில் நுரை வந்தால் அது வலிப்பு. வாயில் கை வைக்காதீர்கள். சுற்றியுள்ள சாமான்களை நகர்த்துங்கள், நேரத்தைக் குறித்து, கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசரம்.

தீபாவளி, சீனப் பெருநாள் வெடிக்கு ஓடுவதும் வேறு. வால் கால்களுக்கு நடுவில் போயிருக்கும், காது பின்னால் மடிந்திருக்கும், தீனியைப் பார்க்கவே பார்க்காது. அது பயம். அறைக்குள் விடுங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் ஐந்து நிமிட ஓட்டமும் சூட்டைக் கிளப்பும். பக், ஷிட்சு போன்ற குட்டை மூக்கு நாய்களுக்கு இன்னும் சீக்கிரம். சாதாரண வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி. இளைப்பு அடங்காமல், நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டு வந்து, உடம்பு முழுவதும் குழாய்த் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைப் போட்டபடியே கிளினிக்கைக் கூப்பிடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும்.

தடுப்பூசி வரிசை முடியாத குட்டியைப் பொதுத் திடலில் ஓட விட வேண்டாம். குட்டிகளைக் கொல்லக்கூடிய வயிற்றுப்போக்கு நோயான பார்வோவின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கடைசி ஊசி சுமார் 16 வாரத்தில் வரும், அதன் பிறகு இரண்டு வாரம் பொறுங்கள். தினமும் ஓடுகிற குட்டி இரண்டு நாள் ஓடாமல் படுத்தே கிடந்தால், ஓட்டத்தை விட அதற்குத்தான் என்னைக் கூப்பிட வேண்டும். இங்கே முதலில் சந்தேகப்படுவது உண்ணிக் காய்ச்சல். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தடவிப் பாருங்கள், ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

தாமான் நடு வீடு:
ஒண்ணு விட்டுப் போச்சு. ஏழேகால் ஏழரைக்கு மலாய்க்கார அண்டை வீட்டுக்காரங்க சூராவுக்கு (தொழுகை இடத்துக்கு) நடந்து போற நேரம், அப்போ உங்க குட்டி வெளிய ஓடிடக் கூடாது. தொழுகைக்குப் போறவங்க மேல நாய் எச்சில் பட்டா ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை மண் கலந்த தண்ணி. சும்மா துடைச்சிட்டுப் போற விஷயம் இல்ல. கேட் திறக்கிறதுக்கு முன்னாடி கயிறு மாட்டணும், அஞ்சடியில (வீட்டு முன் வராந்தாவுல) ஒரு உள் தடுப்பும் இருந்தா நல்லது. தப்பித் தவறி மேல பட்டுட்டா முதல்ல மன்னிப்பு கேட்டு, தண்ணி மண்ணு நீங்களே எடுத்துக் குடுங்க, சண்டையே வராது.

தாமான் மூலை வீடு:
நாளைக்கே பாய் வாங்கறேன் அண்ணே. சோபா மூலைக்கு 4 அடி பத்துமா?

ஹார்டுவேர் கடைக்காரர்:
குட்டி வளர்ந்தா வட்டமும் வளரும். அந்த மூலைக்கு மட்டும் 6 அடியா வெட்டிக்குங்க.