ஜாமீன் போட்டு ஏமாந்தேன், யோசேப்பைப் பார் என்கிறார்கள்

நெல்லைக்காரி (கேள்வி):
அண்ணன் கடைக்கு லோன் எடுத்தபோது ஜாமீன் கையெழுத்து போட்டவள் நான். நாலு தவணை கட்டினான், அப்புறம் கடையைப் பூட்டிவிட்டு போன் நம்பரையும் மாற்றிவிட்டான். 2 வருடமாக என் சம்பளத்தில்தான் தவணை போகிறது, செயின் அடகுக் கடையில். ஜெபக்கூட்டத்தில் சொன்னால் எல்லார் வாயிலும் பைபிளில் ஆதியாகமம் 50:20தான், தன்னை விற்ற அண்ணன்மாரிடம் யோசேப்பு சொன்னது: தீமையை தேவன் நன்மையாக்குவார், மன்னித்துவிடுங்கள் சிஸ்டர் என்று. போன வாரம் அண்ணன் வந்து வாசலில் நிற்கிறான், ஒன்றுமே நடக்காத மாதிரி. ஆண்டவர்மேல் நம்பிக்கை இருக்கிறது, இவன்மேல் இல்லை. இது விசுவாசக் குறைவா?

பழைய பிரசங்கி:
இல்லம்மா. அண்ணன்மார் 20 வெள்ளிக்காசுக்கு விற்றபோது யோசேப்புக்கு 17 வயது, எகிப்து ராஜா பார்வோன் முன் நின்று அந்த தேசத்துக்கு அதிபதியானபோது 30. 50:20 சொன்னது அப்பா யாக்கோபு இறந்த பிறகு, கணக்குப் போட்டால் ஏறக்குறைய 56 வயதில். 39 வருடம் கழித்து அவன் வாயிலிருந்து வந்ததை உன்னை 2 வருடத்தில் சொல்லச் சொல்கிறார்கள். அதுவும் அவனே சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் அவனுக்குச் சொன்னதல்ல.

மதுரை மாமி:
பஞ்சத்தில் தானியம் வாங்க அண்ணன்மார் எகிப்துக்கு வந்ததும் யோசேப்பு கட்டிப்பிடித்தானா? தானியம் கொடுத்தான், அவர்கள் பணத்தையும் சாக்கிலேயே திருப்பி வைத்தான், ஆனால் தான் யாரென்று மூச்சு விடவில்லை. அவர்களில் சிமியோனைப் பிடித்து வைத்துக்கொண்டான், தம்பி பென்யமீன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை ஒளித்தான். அன்று யோசேப்பை விற்கலாம் என்று யோசனை சொன்ன அண்ணன் யூதாவே, தம்பிக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்வந்த பிறகுதான் அழுதுகொண்டே வாய் திறந்தான். அண்ணனுக்குச் சோறு போடு, கையெழுத்து போடாதே.

சும்மா ஒருவன்:
என் பணம் கடைசிவரை வரவில்லை, எல்லாரும் எகிப்துக்கு அதிபதி ஆவதில்லை. எனக்கு ஒட்டிக்கொண்ட வசனம் 42:21. குழியில் போட்டபோது யோசேப்பு கெஞ்சியது, அவனை விற்ற கதை வரும் 37ஆம் அதிகாரத்தில் இல்லவே இல்லை, இத்தனை வருடம் கழித்து அண்ணன்மார் வாயிலிருந்துதான் வெளியே வருகிறது. அப்புறம், கட்டிய ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். ஜாமீன்தாரர் கட்டியதைக் கடன் வாங்கியவரிடம் திரும்பக் கேட்க 1872 ஒப்பந்தச் சட்டம் 145ஆம் பிரிவில் உரிமை உண்டு. கேட்பது பாவமில்லை.

நெல்லைக்காரி:
42:21 இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், கொஞ்ச நேரம் அழுதேன். ரசீதுகள் பீரோவில் இருக்கின்றன. அண்ணன் ஞாயிறு மறுபடி வருகிறானாம், மீன்குழம்பு வைப்பேன், சாப்பிட்ட பிறகு ரசீதுகளை எடுத்து முன்னால் வைப்பேன்.