வேப்பமரத்தடியில் கிடைத்த குஞ்சு: பருந்தா, வல்லூறா?

கேள்வி:
வணக்கம். திண்டுக்கல் பக்கம் கிராமம். நேற்று சாயங்காலம் அடித்த காற்றில் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் வேப்பமரத்திலிருந்து ஒரு குஞ்சு விழுந்துவிட்டது, காக்கைகள் கொத்த வந்ததால் எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். மாடப்புறா அளவு. முதுகு பழுப்பு, வெள்ளை நெஞ்சில் பழுப்புத் தீற்றல்கள், மஞ்சள் கண். தலையில் இன்னும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. காயம் தெரியவில்லை, இரண்டு இறக்கையும் ஒரே மாதிரிதான் மடங்கியிருக்கின்றன. வீட்டில் பருந்து என்கிறார்கள், பக்கத்து வீட்டுத் தாத்தா வல்லூறு என்கிறார். எது? பால்சோறு கொடுக்கலாமா?

பதில் 1:
பால்சோறு வேண்டவே வேண்டாம் சகோ, அது கறி தின்னும் பறவை. வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பெட்டியை மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள், பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்க்க வேண்டாம். கரும்பருந்துக் குஞ்சு இந்த வயதில் இதைவிட நன்றாகப் பெரிதாக இருக்கும், கண்ணும் கருமையாக இருக்கும். எனக்கு வல்லூறு என்றுதான் படுகிறது.

பதில் 2:
கொஞ்சம் பொறுங்கள். அக்காக்குயில் குஞ்சும் பார்க்க இதே மாதிரிதான், நிறைய பேர் அதை வல்லூறு என்று தூக்கி வந்துவிடுகிறார்கள். காலைப் பாருங்கள். குயிலுக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு. வல்லூறுக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. தொண்டையையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. நகம் கருப்பு, துண்டைப் பிடித்தால் விடவே இல்லை. அலகு கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது. தொண்டை நடுவில் பென்சிலால் இழுத்தது போல ஒரே ஒரு கருங்கோடு. வால் குட்டை, குறுக்கே பட்டை பட்டையாக இருக்கிறது.

பதில் 1:
அப்படியானால் வல்லூறுதான், தாத்தா சொன்னதே சரி. தொண்டைக் கோடு, வல்லூறு மாதிரியே இருக்கும் பெஸ்ரா என்ற பறவைக்கும் உண்டு, ஆனால் அதற்கு இன்னும் தடிப்பாக இருக்கும், அது மலைக்காட்டுப் பறவை. சாம்பல் முதுகும் சிவந்த கண்ணும் வளர்ந்த ஆணுக்குத்தான் வரும், அதைத் தேடிக் குழம்பாதீர்கள். பஞ்சும் குட்டை வாலும் இருப்பதால் இது பறக்கப் பழகுகிற வயது, அம்மா அப்பா இரண்டும் பக்கத்திலேயே இருக்கும். திரும்ப மரத்தில் ஏற்றிவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மை இல்லை.

கேட்டவர்:
கூடு உச்சியில் இருக்கிறது, ஏற முடியாது.

பதில் 2:
கூட்டுக்கே போக வேண்டியதில்லை அண்ணா. பழைய கூடை ஒன்றில் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, சுள்ளியும் சருகும் பரப்பி, அதே மரத்தில் பூனை எட்டாத உயரத்தில், நிழலான கிளையில் இறுக்கிக் கட்டுங்கள். தூக்கும்போது துண்டால் போர்த்திக் காலையும் சேர்த்துப் பிடியுங்கள், நகம் ஆழமாக இறங்கும். அப்புறம் வீட்டுக்குள்ளிருந்து கவனியுங்கள், கூடைக்குக் கீழே ஆள் நின்றால் பெரிய பறவை இறங்காது. இறக்கை தொங்கினாலோ, நிற்க முடியாமல் சாய்ந்தாலோ, பொழுது சாய்கிற வரை பெரிய பறவை எதுவும் வரவில்லை என்றாலோ வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது.