கோதையாற்று விலாங்கு எங்கே போனது?

குலசேகரத்துக்காரன்:
குமரி மாவட்டத்தில், கோதையாற்றின் மூவாற்றுமுகம் பக்கம் தூண்டில் போடுகிறவன் நான். அப்பா காலத்தில் மாட்டிய விலாங்கைப் பிடிக்கக் கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் தூண்டில் முள்ளைக் கழற்றுவதற்குள் நழுவித் தண்ணீருக்குள் போய்விடும். இப்போது சாம்பலுக்கு வேலையே இல்லை. ஆற்று மீன் குறைவதற்கு வெடிவைத்துப் பிடிப்பதுதான் காரணம் என்கிறார்கள். அணைகளுக்கும் இதில் பங்கு உண்டா?

கழிமுகம்:
நிறைய உண்டு. விலாங்கு பிறப்பது கடலில். கண்ணாடி போன்ற குஞ்சாகத் ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் வழியே ஆற்றில் ஏறி, பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும். ஏறவும் வழி வேண்டும், இறங்கவும் வழி வேண்டும். குஞ்சு ஈரப்பாறையில் ஊர்ந்து ஏறிவிடும். 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் சுவரில் என்ன செய்யும்? இறங்குகிற பெரிய விலாங்கு மதகு வழியாகச் சானலுக்குள் போனால் வயலில்தான் கதை முடியும். ஐரோப்பிய விலாங்கு அழிவின் விளிம்புக்கே வந்துவிட்டது. மனிதத் தலையீடே இல்லாதிருந்தால் கடலுக்குப் போயிருக்கக்கூடிய வளர்ந்த விலாங்கின் அளவில் 40 விழுக்காடாவது போய்ச்சேர வேண்டும் என்று 2007-இல் அங்கே விதி போட்டார்கள்.

கடைவரம்பு:
ஜூன் தொடக்கத்தில் அணை திறந்தாலும் கன்னிப்பூ (முதல் போக நெல்) நாற்றுக்கு எங்கள் மடையில் தண்ணீர் எட்டிப்பார்க்க நாளாகும். சானலில் ஆகாயத்தாமரை, உடைப்பு, நடுவில் மோட்டார் வைத்து உறிஞ்சுபவர்கள். இதற்குமேல் மீனுக்கும் ஒரு பங்கு என்றால் யார் பங்கில் கை வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

கழிமுகம்:
அண்ணன் கோபம் நியாயம்தான். ஆனால் கேட்பது அளவை மட்டுமல்ல, திறக்கும் விதத்தையும். வடஇந்தியாவின் சம்பல் ஆற்றில் கரியல் என்னும் நீள்மூக்கு முதலை கோடையில் மணல்திட்டில் முட்டையிடும். மேலே அணையைத் திடுமெனத் திறந்தால் கூடுகள் மூழ்கும். அதே தண்ணீரைப் படிப்படியாக விட்டால் சேதம் குறையும், பாசனமும் கெடாது. விலாங்குக் குஞ்சுக்கோ அவ்வளவுகூட வேண்டாம். தடுப்பணை ஓரத்தில் நீர் கசியும் சரிவும், பற்றி ஏறச் சொரசொரப்பும் போதும். வெளிநாடுகளில் தூரிகை பதித்த சரிவுப்பலகை வைக்கிறார்கள்.

குலசேகரத்துக்காரன்:
தூரிகைக்கு எங்கே போவது? தேங்காய்நார் வடம்தான் நம் ஊரில் கிடைக்கிறதே! பேச்சிப்பாறை உயரத்துக்கு அது ஆகாது, தெரியும். கீழே பரக்காணி தடுப்பணையில் மழைக்காலம் மட்டும் தொங்கவிட்டுப் பார்க்கலாம்; கடைவரம்பு அண்ணனின் மடையில் ஒரு சொட்டும் குறையாது. இதற்கு அனுமதி யாரிடம் கேட்க வேண்டும், நீர்வளத்துறையிடமா மீன்வளத்துறையிடமா?