இரவில் கசியும் துணி டயப்பர்: எந்த இன்செர்ட் (உள்ளே வைக்கும் உறிஞ்சு துணி) வைப்பது?

பெண் குழந்தை, ஐந்தரை மாதம், 6.8 கிலோ. திருப்பூரில் இருக்கிறோம். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவதால் தொல்லை இல்லை. இரவு 9 மணிக்குப் போட்டால் 12 மணிக்குள் தொடை ஓரமாகக் கசிந்து சட்டை, விரிப்பு, சில நாள் என் நைட்டி வரைக்கும் நனைந்துவிடுகிறது. மூன்று வாரமாக இதே கதை.

இருப்பவை 8 பாக்கெட் டயப்பர் (இன்செர்ட் செருக உள்ளே பை இருக்கும் துணி டயப்பர்), ஒவ்வொன்றுக்கும் ஒரு மைக்ரோஃபைபர் (செயற்கை இழை) இன்செர்ட், மேலே தோலில் படும்படி ஃப்ளீஸ் துணி லைனர். துவைப்பது போர் தண்ணீரில், நல்ல உப்பு.

செய்து பார்த்தவை: தொடைப் பட்டனை ஒரு படி இறுக்கினேன், சிவப்புத் தடம் விழுந்ததுதான் மிச்சம். இரண்டு இன்செர்ட் வைத்தேன், ஒரு மணி நேரம் கூடுதலாகத் தாங்கியது, ஆனால் குழந்தை ஒருக்களித்துப் படுத்ததும் பஞ்சைப் பிழிந்த மாதிரி ஓரத்தில் வெளியே வந்துவிட்டது. துணியை மென்மையாக்கும் திரவத்தை நிறுத்திவிட்டேன், தேங்காய் எண்ணெயும் இரவில் தடவுவதில்லை. வெந்நீரில் சோப்பு போகும்வரை அலசியும் பார்த்தாயிற்று. மாமியார் பழைய வேட்டித் துணியை மடித்து உள்ளே வைக்கச் சொன்னார், உண்மையில் அதுதான் இருப்பதிலேயே நன்றாக உறிஞ்சியது, ஆனால் லைனர் போட்டும் காலையில் தோல் ஈரமாகவே இருக்கிறது.

ஒருமுறை பயன்படுத்தும் டயப்பர் போட்டால் இடுப்பில் தடிப்பு வருகிறது, அதனால் அது வேண்டாம்.

உப்புத் தண்ணீரில் துவைப்பவர்கள் சொல்லுங்கள்: இரவு 6 மணி நேரமாவது தாங்க மைக்ரோஃபைபருக்குக் கீழே எந்தத் துணி இன்செர்ட் வைக்கிறீர்கள், பருத்தியா, மூங்கில் இழையா, சணலா (ஹெம்ப்)?