பள்ளி டேப்லெட்: குரோம் திறக்கிறது, பாட ஆப் மட்டும் "இணையம் இல்லை" என்கிறது

மணிக்கூடு (கேள்வி):

வணக்கம். பள்ளி வழங்கிய 40 டேப்லெட்கள். எல்லாம் ஆண்ட்ராய்டு 9, 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு, சிம் கிடையாது. எம்டிஎம் (டேப்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) போட்டுப் பூட்டியவை. அதன் அட்மின் உரிமை என்னிடம் இருக்கிறது, ஃபயர்வால் (பள்ளி இணையப் போக்குவரத்தை வடிகட்டும் கருவி) வேறொருவர் பொறுப்பில். நீண்ட விடுமுறை முடிந்து எடுத்தால் கணிதப் பாட ஆப் வேலை செய்யவில்லை.

பிரித்துப் பார்த்ததில் மூன்று விதம். 28 டேப்களில் பள்ளி வைஃபையில் "இணைய இணைப்பு இல்லை" என்று வருகிறது. அதே நேரத்தில் குரோமில் எந்தத் தளமும் திறக்கிறது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் ஆப்பும் ஓடுகிறது. 9 டேப்களில் ஹாட்ஸ்பாட்டில் லாகின் ஆகிறது, பாடத்தைத் தொட்டால் வெறும் வெள்ளைத் திரை. மீதி 3 எதிலும் இணைய மறுக்கின்றன.

இரண்டு டேப்களில் ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன், பலன் இல்லை. மற்றவற்றிலும் "டேட்டாவை அழி" கொடுத்துப் பார்க்கலாமா?

மின்பலகை:

டேட்டாவை அழிக்க வேண்டாம், ஆப்பை நீக்கவும் வேண்டாம். கேஷ் அழித்தால் தற்காலிகக் கோப்புகள் மட்டும் போகும். டேட்டாவை அழித்தால் இறக்கி வைத்த பாடங்களும், சர்வருக்கு இன்னும் போய்ச் சேராத விடைகளும் சேர்ந்து போய்விடும். விடுமுறையில் ஆஃப்லைனில் செய்த பயிற்சி எல்லாம் அந்த டேப்பில் மட்டும்தான் இருக்கும். ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிற 28ஐயும் முதலில் அதிலேயே இணைத்து, ஆப்பைத் திறந்து, சின்க் முடிந்ததா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

குறுக்குவழி:

40ஐயும் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டால் ஒரே நாளில் வேலை முடியும்.

மின்பலகை:

வேலை முடியாது, இன்னும் அதிகமாகும். ஆண்ட்ராய்டு 5.1 முதல், பட்டன்களை அழுத்திப் பிடித்து ரிகவரி வழியாக ரீசெட் செய்தால், முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கேட்டு நிற்கும். அதைத் தாண்டினாலும் ஒவ்வொன்றையும் எம்டிஎம்மில் மறுபடி சேர்க்க வேண்டும்: வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டி, கியூஆர் ஸ்கேனர் வரவைத்து, ஒவ்வொன்றாக. அத்தனையும் செய்து முடித்த பிறகு அதே வைஃபையில் அதே பிழை வரும். ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிற ஆப்புக்கு டேப்பைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

தாழ்ப்பாள்:

அந்த 28க்கும் காரணம் ஏறக்குறைய உறுதி: ஃபயர்வாலில் எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்‌ஷன் போட்டிருக்கிறார்கள். மறையாக்கப்பட்ட இணைப்பை நடுவில் பிரித்துப் பார்த்து, தன் சொந்தச் சான்றிதழை (தளம் யாருடையது என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் அடையாளம்) ஒட்டி டேப்புக்கு அனுப்பும் வேலை அது. அந்தச் சான்றிதழ் எம்டிஎம் வழியாக டேப்பில் ஏற்றப்பட்டிருந்தால் குரோம் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஆண்ட்ராய்டு 7க்கோ அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கோ எழுதப்பட்ட ஆப்கள், பின்னால் சேர்த்த சான்றிதழ்களை இயல்பாக நம்புவதில்லை. ஆப்பை எழுதியவர் தனியாக அனுமதி கொடுத்திருந்தால்தான் நம்பும். இணைப்பு அறுந்ததும் பெரும்பாலான ஆப்கள் அதை "இணையம் இல்லை" என்று தப்பாகச் சொல்லிவைக்கும்.

சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். பள்ளி வைஃபையில், குரோமில் அந்த ஆப்பின் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் உள்ள குறியைத் தொட்டு, சான்றிதழ் விவரத்தில் வழங்கியவர் யார் என்று பாருங்கள். அங்கே பொதுச் சான்றிதழ் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக ஃபயர்வாலின் பெயரோ பள்ளியின் பெயரோ இருந்தால் ஐயமே இல்லை.

ஃபயர்வால்காரரிடம் கேட்கும்போது சொல்லைக் கவனியுங்கள். "தளத்தை அனுமதியுங்கள்" என்றால் வலை வடிகட்டியின் அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டு முடிந்தது என்பார். அது வேறு பட்டியல். "டிகிரிப்ஷனிலிருந்து விலக்கு" என்று கேட்க வேண்டும், அதாவது அந்த இணைப்புகளை நடுவில் பிரித்துப் பார்க்கவே வேண்டாம் என்று. ஒரு டொமைனோடும் முடியாது: லாகின் ஒன்றில், பாடக் கோப்புகள் இன்னொன்றில், வீடியோ மூன்றாவதில் இருப்பது சாதாரணம். ஆப் நிறுவனத்திடம் முழுப் பட்டியலை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு டேப்பின் ஐபி முகவரியை வைத்து ஃபயர்வால் பதிவில் வடிகட்டி, ஆப்பைத் திறக்கும்போது எந்தெந்த இணைப்பு முறிகிறது என்று எடுக்கலாம். கூடவே 5228 முதல் 5230 வரையிலான டிசிபி போர்ட்கள் (கூகுளின் புஷ் செய்திகள் வரும் வாயில்கள்) திறந்திருக்கின்றனவா என்றும் கேளுங்கள். அவை அடைபட்டால் எம்டிஎம் கட்டளைகள் டேப்புக்கு உடனே போய்ச் சேராது.

மின்பலகை:

அந்த 9 டேப்கள் எம்டிஎம்மில் தனிக் குழுவா? அவற்றில் குரோம் இருக்கிறதா?

மணிக்கூடு:

ஆமாம், 6ஆம் வகுப்புக் குழு. பிள்ளைகள் இணையத்தில் சுற்றாமல் இருக்க, விடுமுறைக்கு முன்புதான் குரோமை முடக்கினோம். சான்றிதழையும் மற்ற டேப்பில் பார்த்துவிட்டேன். வழங்கியவர் இடத்தில் ஃபயர்வாலின் பெயர்தான் இருக்கிறது.

மின்பலகை:

அப்படியென்றால் வெள்ளைத் திரைக்கும் விடை கிடைத்துவிட்டது. ஆண்ட்ராய்டு 7, 8, 9 மூன்றிலும் ஆப்களுக்குள் வலைப்பக்கம் காட்டும் வெப்வியூ வேலையைக் குரோமே செய்கிறது. குரோமை முடக்கினால் அந்த வேலை டேப்போடு வந்த "ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ" என்பதற்கு மாறும். அது பெரும்பாலும் தொழிற்சாலையில் போட்ட பழைய பதிப்பாகவே கிடக்கும். லாகின் பக்கம் ஆப்பின் சொந்தத் திரை, அதனால் வருகிறது. பாடம் வலைப்பக்கமாக இருந்தால் பழைய வெப்வியூவுக்கு அது புரியாமல் வெள்ளையாக நிற்கும்.

எம்டிஎம்மில் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவை அனுமதித்த ஆப்களில் சேர்த்து, கட்டாய நிறுவல் கொடுங்கள். அல்லது குரோமை மறுபடி இயக்கி, முகவரித் தடைப் பட்டியலில் எல்லாவற்றையும் தடுத்து, தேவையான தளங்களை மட்டும் விதிவிலக்காக வையுங்கள். ஆண்ட்ராய்டு 9 வரை இரண்டாவது வழியே நல்லது என்பேன், குரோமை அப்டேட் செய்தாலே வெப்வியூவும் சேர்ந்து புதுசாகிவிடும். ஆண்ட்ராய்டு 10 முதல் வெப்வியூ தனி ஆப், அங்கே குரோமை முடக்கினாலும் இந்தத் தொல்லை வராது.

தாழ்ப்பாள்:

எதிலும் இணையாத 3 டேப்களில் தேதியைப் பாருங்கள். சார்ஜ் முழுக்க இறங்கிக் கிடந்தால் சில டேப்களில் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். அந்தத் தேதியில் சர்வரின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கியிருக்காது, அதனால் எந்த வைஃபையும் உதவாது. செட்டிங்ஸில் தானியங்கித் தேதி அணைந்திருந்தால் இயக்குங்கள். தேர்வுக் கெடுவைத் தள்ளிப்போட மாணவர்கள் அதை அணைப்பதும் உண்டு, எம்டிஎம்மில் மாற்ற முடியாதபடி பூட்டிவிடுங்கள்.

பழைய_ஸ்லேட்டு:

இடையில் ஒரு கேள்வி. ஆண்ட்ராய்டு 6 டேப்களில் தேதி சரி, ஹாட்ஸ்பாட்டும் சரி. ஆனாலும் ஒரே ஒரு ஆப் மட்டும் இணையவில்லை.

தாழ்ப்பாள்:

அந்த ஆப்பின் சர்வர் லெட்ஸ் என்கிரிப்ட் (இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் அமைப்பு) சான்றிதழ் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டில் அதன் மூலச் சான்றிதழ் (அது வழங்கும் மற்றச் சான்றிதழ்களை நம்ப அடிப்படையானது) கிடையாது. பழைய சாதனங்களுக்காக வைத்திருந்த குறுக்குக் கையொப்பமும் (அவை ஏற்கெனவே நம்பும் வேறொரு நிறுவனத்தின் ஒப்புதல்) 2024 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருப்பதால் அதில் தளம் திறக்கும். வலைப் பதிப்பு இருந்தால் அதில் ஓட்டுங்கள். ஆப்பே வேண்டுமென்றால் அந்த மூலச் சான்றிதழை டேப்பில் கையால் நிறுவிப் பாருங்கள், ஆண்ட்ராய்டு 6இல் ஆப்களும் பின்னால் சேர்த்த சான்றிதழை இயல்பாக நம்பும்.

மணிக்கூடு:

நிலவரம்: டிகிரிப்ஷன் விலக்கில் ஐந்து டொமைன்கள் சேர்ந்ததும் 28ம் ஓடின. முதலில் மூன்றுதான் சேர்த்தார், வீடியோ மட்டும் வரவில்லை. 9இல் குரோமைத் தடைப் பட்டியலோடு திரும்ப இயக்கி அப்டேட் கொடுத்ததும் பாடம் வந்தது. 3இல் இரண்டு தேதியால் சரியாயின. மூன்றாவது ஒவ்வொரு காலையும் பழைய தேதிக்கே போகிறது. இன்னொன்று: புதிய பாடத் தொகுப்பு 500 எம்பி, 40க்கும் ஒரே நேரத்தில் இறக்கலாமா?

தாழ்ப்பாள்:

40 × 500 எம்பி என்றால் 20 ஜிபி. 50 எம்பிபிஎஸ் இணைப்பு முழுவதையும் கொடுத்தாலும் 53 நிமிடம், ஒரே ஆக்சஸ் பாயின்டில் (வைஃபை தரும் கருவி) 40ம் முட்டிக்கொண்டால் பாதியில் முறிந்து மறுபடி தொடங்கும். பத்துப் பத்தாக, சார்ஜரில் செருகி வைத்து இறக்குங்கள். செருகியிருந்தால் திரை அணைந்தாலும் டோஸ் எனும் பேட்டரி சேமிப்புத் தூக்கத்துக்குப் போகாது.

அந்த மூன்றாவதை இரவில் யாரோ முழுக்க அணைக்கிறார்களா, அல்லது பேட்டரி பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். தானியங்கித் தேதி இயங்கியும் பள்ளி வைஃபையில் நேரம் திருந்தவில்லை என்றால், ஃபயர்வாலில் யுடிபி 123 (இணைய நேர சர்வரை அடையும் போர்ட்) அடைபட்டிருக்கக்கூடும். சிம் இல்லாத டேப்புக்கு நேரம் வரும் வழி அது ஒன்றுதான்.